மாயவன் கழித்த கன்றுகள்

கள்ளக்குறிச்சியில் நான் பத்தொன்பது வருஷம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி, எட்டு மெஷின். காலையும் மாலையும் பிள்ளைகள் வந்து பழகிவிட்டுப் போவார்கள். மற்ற நேரத்தில் மனு, பத்திரம், பயோடேட்டா என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுப்பேன். அடித்த தாள் எங்கே போயிற்று, அதனால் யாருக்கு என்ன ஆயிற்று என்று நான் கவலைப்பட்டதே இல்லை. தைத்த சட்டையைப் போட்டவன் நல்லவனா கெட்டவனா என்று தையல்காரன் பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்பு எரியுமா? ஆனால் மாயவனுக்காக அடித்த ஒரு தாள் மட்டும் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. அவர் செத்தே பல வருஷம் ஆகிறது. எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மாயவன் தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் பிறந்தவர். கால் வைக்கச் சொந்த நிலம் கிடையாது. என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் அவரை ‘மாயவா, வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘சார்’ என்பார். இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. தாளில் கொடுக்கிற மரியாதைக்குச் செலவு இல்லை, அதனால் வருகிறது.

இளவட்டமாக இருந்தபோது அவர் ஒரு மாட்டுத் தரகரோடு சந்தை சந்தையாக நடந்தவர். மாட்டை ஓட்டுவது, கழுவுவது, பிடித்துக் காட்டுவது எல்லாம் அவர் வேலை. தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பார்; மாட்டின் நல்ல பக்கம் வாங்குகிறவன் கண்ணில் படும்படி மாயவன் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பல், கொம்பு, குளம்பு, வால், நிறம் எல்லாம் அங்கே படித்ததுதான். எல்லாவற்றையும்விட, சுழி. மாட்டின் உடம்பில் மயிர் சுழிக்கிற இடத்தை வைத்து ராசி பார்ப்பார்கள். சில சுழி இருந்தால் வீடு விளங்கும்; சில சுழி இருந்தால் வீட்டில் பிணம் விழும். முதுகுத்தண்டுக்கு இரண்டு பக்கமும் ஜோடியாக விழுந்தால் அது பாடை சுழி. அந்த மாட்டை வாங்கியவன் பாடையில் போவான் என்பது சந்தையின் தீர்ப்பு. தெரிந்தவனுக்கு அதை விற்கக் கூடாது, தெரியாதவனிடம் அதைச் சொல்லக் கூடாது. தரகுத் தொழிலின் தர்மம் அவ்வளவுதான்.

தரகர் செத்த பிறகு மாயவன் பெண்டாட்டி இருசம்மாளையும் ஒரே மகள் அருள்மொழியையும் கூட்டிக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனார். கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுகிற ரோட்டில், வளைவுகள் முடிகிற இடத்தில், விஜயலட்சுமி அம்மாள் நாலு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து நாற்றுப் பண்ணை வைத்திருந்தார். ரிஷிவந்தியம் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பத்துப் பெண். கல்லூரியில் தாவரவியல் படித்தவர். புருஷன் போன பிறகு ஊரில் உட்கார்ந்து வெள்ளைப் புடவை வாழ்க்கை வாழப் பிடிக்காமல் மலை ஏறியவர். ரோஜா, குரோட்டன்ஸ் விற்றுப் பண்ணை ஓடியது. அம்மாள் உயிர் மட்டும் வேறொரு செடியில் இருந்தது.

அது அன்னாசி சாதி. பழத்துக்கு ஆகாது, அழகுக்கு வளர்ப்பது. இலைகள் ஒன்றை ஒன்று இறுக்கிக்கொண்டு நடுவில் குடம் மாதிரி நிற்கும். அந்தக் குடத்துக்குள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். புத்தகத்தில் அதற்குப் பில்பெர்ஜியா என்று பெயர். பண்ணையில் வேலை செய்த பெண்கள் அதைப் பிள்ளைபெருக்கி ஆக்கிவிட்டார்கள். அது பொருந்தவும் செய்தது. அந்தச் செடி ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பூத்தால் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். அதற்கப்புறம் தாய்ச்செடி மெல்ல மெல்லச் சாகும். சாவதற்குள் அடியில் நாலைந்து கன்று விட்டுவிடும். அந்தக் கன்று வளர்ந்து பூக்க இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம்.

எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாசம் அருள்மொழிக்குக் காய்ச்சல் வந்து கண் மஞ்சளானது. ஒன்பது வயசு. கீழே இறக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, திரும்ப மேலே கொண்டுவரும்போது உயிர் இல்லை. அந்தப் பெண்ணை யாரும் ஒரு போட்டோ எடுத்ததில்லை. ரேஷன் கார்டிலிருந்து பெயரை அடித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பதிவேடு கூரை ஒழுகி ஊறிப்போனதில் அதுவும் போயிற்று. ‘அருள்மொழி’ என்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் வைத்த பெயர். அவ்வளவு அழகான பெயர் அந்தக் குடும்பத்தில் அதற்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. அவள் இருந்தாள் என்று சொல்ல நம்மைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று இருசம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

அதற்கு ஒரு வழி விஜயலட்சுமி அம்மாளிடம் இருந்தது. இந்தச் செடி வளர்ப்பவர்களுக்கென்று கடல் கடந்து ஒரு சங்கம் இருந்தது. யாராவது இரண்டு வகையை இணை சேர்த்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கினால், அந்தச் செடியின் அங்க அடையாளத்தை எழுதி, பூத்த படத்தோடு அனுப்ப வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் செடியின் பெயரும் உண்டாக்கியவர் பெயரும் வருஷப் புத்தகத்தில் அச்சாகும். ஒரு தடவை அச்சாகிவிட்டால் அந்தப் பெயரை எவனும் அடிக்க முடியாது. மாயவன் இதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் யோசித்து, செடி தேறினால் தன் மகள் பெயரை வைப்பீர்களா என்று அம்மாளைக் கேட்டார். வைக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து மாயவனுக்கு வேறு நினைப்பு இல்லை. பூ விடியற்காலையில் விரியும். அதற்கு முன்னால் மொட்டைப் பிளந்து ஆண் கேசரத்தைப் பிடுங்கிவிட வேண்டும். இடுக்கியை வைத்துக்கொண்டு அம்மாள் தடுமாறுவார், கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. மாயவன் கருவேல முள்ளால் அதைச் செய்தார். இன்னொரு வகையின் மகரந்தத்தைக் கோழி இறகு நுனியில் எடுத்துத் தடவி, தாய்க்கு ஒரு நிறம் தகப்பனுக்கு ஒரு நிறம் என்று இரட்டை நூல் கட்டினார். சினை ஊசி போடுகிற கால்நடை ஆஸ்பத்திரிக்காரன் தோற்றான் என்று பெண்கள் கேலி பேசினார்கள். காய் பழுத்து, கொழகொழவென்ற விதையைச் சாம்பலில் பிசைந்து கழுவி, செங்கல் தூளும் தேங்காய் நாரும் போட்ட தட்டில் தூவி, கண்ணாடி மூடி வைத்தார்கள். கடுகளவு முளையாக இருநூற்றுச் சொச்சம் வந்தது.

இந்தத் தொழிலில் விதைப்பது கால்வாசி, கழிப்பது முக்கால்வாசி. முளைத்ததையெல்லாம் வளர்த்தால் பண்ணை தாங்காது. சோடையை, கோணலை, நிறம் இல்லாததை ஈவு இரக்கம் இல்லாமல் பிடுங்கிப் பள்ளத்தில் போட வேண்டும். அம்மாளுக்கு அதற்கு மனசு வராது. மாயவனுக்கு வந்தது. சந்தையில் நூறு மாட்டைப் பார்த்து ஒன்றை நிறுத்துகிற கண் அது. மூன்று வருஷத்தில் இருநூறு இருபதாகி, இருபது நாலாகி, நாலில் ஒன்று நின்றது. புரை முற்றிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அவர் கண்தான் கண். அவர் கழித்தது கழித்ததுதான். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

எண்பத்தேழு, செப்டம்பர். அந்த ஒற்றைச் செடி குருத்துக்குள்ளிருந்து பூந்தண்டு தள்ளியது. அம்மாள் கீழே ஆள் அனுப்பினார்: போட்டோக்காரர் உடனே மலைக்கு வர வேண்டும், பூ ஒரு வாரம்தான் நிற்கும்.

போட்டோக்காரன் சின்னராசு என் மாடிக்குக் கீழேதான் ஸ்டூடியோ வைத்திருந்தான். என் சினேகிதன். டி.வி.எஸ். ஐம்பதில் கேமராவை மாட்டிக்கொண்டு அவன் கிளம்பியது புரட்டாசி பிறந்த அன்றைக்கு. அன்றைக்குத்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்களின் ஒரு வார சாலை மறியலும் தொடங்கியது. தென்னாற்காடு பூராவும் புளியமரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்தோம். நானும் போனேன். போனதற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை. என் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு மாடு மேய்க்கப் போன பையன்களை எண்ணினால் ஒரு பஸ் நிறையும். கேட்டது நியாயம். சுட்டார்கள், ஆட்கள் செத்தார்கள், அதற்கப்புறமும் கேட்டோம்.

கச்சிராயபாளையம் ரோட்டில் சாய்ந்த மரத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தபோது சின்னராசு வந்து நின்றான். மலையில் ஒரு பூவைப் படம் எடுக்க வேண்டும், வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிடுங்கள், போய்விடுகிறேன் என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நாலு பேர் கை கொடுத்திருந்தால் வண்டி அந்தப் பக்கம் போயிருக்கும். நான்தான் சொன்னேன்:

“இங்க மன்சன் வாழ்க்கையே வாடிக்கினு இருக்குது, பூவுக்கு இன்னாடா போட்டோ? வண்டியைத் திருப்பு.”

நல்ல வசனம். எல்லோரும் கை தட்டினார்கள். சின்னராசு திரும்பிப் போய்விட்டான்.

ஒன்பதாம் நாள் அவன் மலைக்குப் போனபோது பூ கருத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. செத்ததைப் படம் எடுத்து ஃபிலிமை வீணாக்குவானேன் என்று ஒரு படமும் எடுக்காமல் வந்துவிட்டான். படம் இல்லாமல் சங்கத்துக்கு அனுப்ப முடியாது. கன்று வளர்ந்து பூக்கும் வரை காத்திருக்க வேண்டும் என்று அம்மாள் சொன்னாராம். அஞ்சு வருஷம் காத்திருந்தவனுக்கு இது ஒன்றும் பெரிதில்லை என்று மாயவனும் சொன்னாராம். சின்னராசு இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிட்டேன்.

எண்பத்தொன்பது மாசி மாசம் கன்று பூத்தது. சின்னராசு போய் நாலு படம் எடுத்து வந்தான். பின்னாலேயே பங்குனியில் மாயவன் என் மாடிப்படி ஏறி வந்தார். அப்போதுதான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லி, கறுப்பு, தோளில் துண்டு. கையில் நாற்பது பக்க நோட்டு, அம்மாள் கொடுத்த விண்ணப்பத் தாள், விசிறி மாதிரி விரிகிற ஒரு நிற அட்டை. எழுத்துக்கூட்டித் தமிழ் எழுதத் தெரிந்தவர். அம்மாளுக்கு அந்த மாதம் ஒரு கண்ணில் ஆபரேஷன், கட்டுப் போட்டிருந்தார்கள். மாயவன் சொல்வதைக் கேட்டு இங்கிலீஷில் அடித்துக் கொடுக்கும்படி எனக்குச் சீட்டு எழுதியிருந்தார்.

அந்த மாதம்தான் எங்களுக்குத் தனி ஒதுக்கீடு வந்திருந்தது. எங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. இனிமேல் வேலை நிச்சயம் என்று ஊரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் டைப் பழக வந்துவிட்டார்கள். எட்டு மெஷினுக்கு அறுபது பேர், படிக்கட்டு வரை வரிசை. அந்த நெரிசலில் மாயவனை எதிரே உட்காரவைத்து, நோட்டைப் படிக்கச் சொன்னேன்.

நோட்டைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் எழுதியிருந்தது செடியை இல்லை, ஒரு காளையை. இலை கருஞ்செவலை. குறுக்குப் பட்டை மயிலை. நுனி காரி. கருஞ்சிவப்பு, சாம்பல், கறுப்பு என்பதற்கு மாட்டுக்காரன் வைத்த பெயர்கள். நடை நிமிர்ந்த நடை. விளிம்பில் இருக்கிற முள்ளைப் பல் என்று எழுதி, ‘கன்றுப் பல், இன்னும் விழவில்லை’ என்று சேர்த்திருந்தார். அம்மாளின் புத்தகத்திலும் அந்த முள்ளுக்குப் பல் என்றுதான் பெயர் என்று பிறகு தெரிந்தபோது என் சிரிப்பு நின்றது. நிற அட்டையை விரித்துக் கொடுத்தேன். கருஞ்செவலை எது என்று கேட்டால் ஒரு நொடியில் விரலை வைத்தார். ஒரு வாரம் கழித்துக் கேட்டிருந்தாலும் அதே கட்டத்தில்தான் வைத்திருப்பார். இலை இத்தனை, நீளம் இத்தனை, பூந்தண்டு சாய்வு, இதழின் உதடு நீலம் என்று பாதித் தாள் வேகமாக ஓடியது.

பெயர் என்கிற இடத்தில் ‘அருள்மொழி’ என்று அடித்தேன். யார் அது என்று கேட்டேன். சொன்னார். அடித்த எழுத்தைக் காட்டச் சொன்னார். இங்கிலீஷ் எழுத்தின் மேல் விரல் படாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பேரு ஒரு எடத்துல எழுதி இருக்கணும் சார். அவ்ளோதான்” என்றார்.

கடைசிக் கேள்வி வந்தது. இந்தச் செடி அதன் பெற்றோரிலிருந்தும் மற்ற வகைகளிலிருந்தும் எதில் வேறுபடுகிறது? தாளிலேயே பெரிய கட்டம் அதற்குத்தான் விட்டிருந்தார்கள். படிக்கட்டில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவசரத்தில் சுருக்கமாகக் கேட்டேன்:

“இதுல இன்னா வித்தியாசம் இருக்குது மாயவா?”

அவர் முகம் மாறியது. துண்டை எடுத்து வாயைத் துடைத்தார். ஜன்னல் பக்கம் பார்த்தார். “வித்தியாசம் ஒண்ணும் இல்ல சார். சுத்தம்” என்றார்.

ஒன்றுமே இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டேன். அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. “ஒண்ணும் இல்லன்றேன். யார வேணா வந்து பாத்துக்கச் சொல்லு சார். ஒரு வித்தியாசமும் கெடையாது.”

கேட்டதற்குச் சொன்ன பதிலை அடிப்பது என் தொழில். ‘இல்லை’ என்று இங்கிலீஷில் நாலெழுத்து அடித்தேன். அவ்வளவு பெரிய கட்டத்தின் நடுவில் அது தனியாக நின்றது. நிறத்தைத்தான் மேலே விலாவாரியாக எழுதிவிட்டோமே, போதும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு அடுத்த பையனைக் கூப்பிட்டேன். அம்மாள் கட்டுப் போட்ட கண்ணோடு கையெழுத்தைப் போட்டார். தாளும் படமும் கப்பலேறின.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மலைக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்று என் முகவரியைக் கொடுத்திருந்தோம். தொண்ணூறு ஆகஸ்டில், டெல்லியில் இன்னொரு இட ஒதுக்கீட்டுக்காகப் பேப்பர் பூராவும் கொந்தளித்துக்கொண்டிருந்த சமயத்தில், கவர் வந்தது. மரியாதையான கடிதம். அனுப்பிய செடி அழகானது. ஆனால் இதே பெற்றோரிலிருந்து இதே மாதிரிச் செடிகள் ஏற்கெனவே பல பதிவாகியிருக்கின்றன. படத்தைப் பார்த்தாலும் வேறுபாடு தெரியவில்லை. எதில் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு விண்ணப்பமே ‘இல்லை’ என்று பதில் சொல்கிறது. ஆகவே புதிய வகையாக ஏற்பதற்கில்லை. பின்னால் ஏதாவது தனித்த அடையாளம் தெரியவந்தால் செடியைக் காட்டித் திரும்ப எழுதலாம்.

அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். கடிதம் சட்டைப் பையில். முதலில் அம்மாளிடம் போகாமல் நேராக மாயவனிடம் போனேன். அவர் நிழல் வலைக்கு அடியில் இருந்தார். பன்னிரண்டு தொட்டி, வரிசையாக, எல்லாம் அருள்மொழி. எல்லாம் ஒரே அச்சு. கருஞ்செவலை இலை, மயிலைப் பட்டை. நான் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. இந்தச் செடியில் வேறு எதிலும் இல்லாத ஏதாவது ஒன்று உண்டா, நல்லா யோசித்துச் சொல் என்று மட்டும் கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். புஸ்தகத்தில் பெயர் ஏறியாகிவிட்டது, இனிமேல் சொன்னால் கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டார் போல. சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“அன்னிக்கு நீ கேட்டப்ப பயந்துட்டேன் சார். யாரோ சொல்லிட்டாங்கன்னு. வித்தியாசம் இருந்திச்சி. மொதல்ல பூத்துச்சே தாய், அதுல பாடை சுழி இருந்திச்சி சார்.”

சந்தையில் ‘வித்தியாசம்’ என்றால் குறை. மாட்டில் வித்தியாசம் உண்டா என்று வாங்குகிறவன் கேட்பான். ஒரு வித்தியாசமும் இல்லை, சுத்தம் என்று தரகன் சொல்வான். நான் கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் அதுதான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒவ்வொரு இலையிலும் நடு நரம்புக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கட்டை விரல் நகம் அகலத்துக்கு வெள்ளையாக ஜோடிச் சுழி. ஒரு இலை தப்பாமல். வேறு எந்தச் செடியிலும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. மற்றதையெல்லாம் கழித்து இது ஒன்று மட்டும் நின்ற பிறகுதான் அது வெளுத்துத் தெரிந்ததாம். அம்மாளுக்குக் கண் தெரியாததால் அவருக்குத் தெரியாது. மகள் பெயரை வைக்கப்போகிற செடியில் பாடையா? அவளை ஒரு தடவை பாடையில் தூக்கியது போதாதா? தாய் ஆறு கன்று விட்டது. நாலில் சுழி துலக்கமாக விழுந்திருந்தது. இரண்டில் இல்லை. நாலையும் பிடுங்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டார். சுத்தமான இரண்டிலிருந்து பெருக்கியதுதான் இந்தப் பன்னிரண்டும். அதிலும் எங்கேயாவது லேசாக வெளுப்பு தெரிந்தால் அன்றைக்கே கழித்தார்.

“இருசம்மாகிட்டகூடச் சொல்லல சார். இப்போ பாரு, ஒரு பொட்டு கெடையாது. எம் பொண்ணு சுத்தமா இருக்குறா.”

நான் அங்கே இருந்த கவிழ்த்த தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சொல்லாமல் இறங்கிப் போயிருக்கலாம். பெயர் ஏறிவிட்டது, புஸ்தகம் பின்னால் வரும் என்று பொய் சொல்லியிருந்தால் சாகும் வரை நம்பியிருப்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் மரத்தின் மேல் உட்கார்ந்து வண்டியைத் திருப்பச் சொன்ன வாய்க்கு அன்றைக்குப் பொய் வரவில்லை. அன்று சின்னராசு போயிருந்தால் அந்தச் சுழி படத்தில் விழுந்திருக்கும். மறைக்க அவருக்கு வழியே இருந்திருக்காது. கடிதத்தை எடுத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். புதுசு என்றால் வேற மாதிரி இருக்க வேண்டும், இது மற்றது மாதிரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் முதலில் புரிந்துகொள்ள மறுத்தார். குறை இருப்பதையா கேட்டார்கள் என்று இரண்டு தடவை கேட்டார். குறை இல்லை, அடையாளம் என்றேன். அந்தச் சுழி ஒன்றைக் காட்டினால் இன்றைக்கும் பெயர் ஏறும் என்று கடிதத்தில் இருப்பதையும் சொன்னேன்.

எழுந்து ஓடினார். ஐம்பது வயசு மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பண்ணைக்குப் பின்னால் ஓடைப் பள்ளம். கழித்ததையெல்லாம் வருஷக்கணக்காக அங்கேதான் கொட்டியிருக்கிறார்கள். உண்ணிச்செடி ஆள் உயரம் மண்டிக் கிடந்தது. அவர் கையாலேயே விலக்கிக்கொண்டு இறங்கினார். நானும் பின்னால் இறங்கினேன். மட்கிய நார், உடைந்த தொட்டி, ஆட்டுப் புழுக்கை. மூன்று மழைக்காலம் அந்த வழியாக வெள்ளம் போயிருந்தது. பாறை இடுக்கு, வேரடி, ஓடையின் கீழ்க் கரை என்று மத்தியானம் தாண்டித் தேடினோம். ஒரு இடத்தில் குடம் மாதிரி இலை தெரிந்தது. பக்கத்தில் போனால் காட்டுக் கற்றாழை. அதைப் பிடுங்கப் போனவர் கை கிழிந்து ரத்தம் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

போதும் மாயவா, ஏறு என்றேன். மேலே இருக்கிற பன்னிரண்டில் எதிலாவது பின்னால் சுழி விழலாம் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். விழாது என்று அவருக்குத் தெரியும். அவர் கை அவ்வளவு சுத்தம்.

மேலே ஏறி வந்தபோது இருசம்மாள் பூவாளியோடு நின்றிருந்தாள். கீழே இருந்து நான் வந்திருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். மலையில் எட்டு வருஷமாக அவளுக்கு ஒரே ஒரு செய்திதான் வர வேண்டியிருந்தது. தலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, புருஷனின் ரத்தக் கையைக்கூடப் பார்க்காமல், என்னிடம் கேட்டாள்.

“சார், எம் பொண்ணு பேரு ஏறிடுச்சாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் மாயவன் முன்னால் வந்துவிட்டார்.

“ஏறல இருசம்மா. அவ வந்தா. நாந்தான் அடையாளம் தெரியாம கழிச்சுட்டேன்.”